எழுதக் கற்றுக்கொள்ள முடியுமா? பாளையங்கோட்டைப் பயிற்சிக் கூட்டத்திற்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைகளில், கதை எழுதப் பழகுபவர்கள் பதினைந்து இருபது பேர் கூடுகிறோம். பள்ளியில் முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான் அந்தக் கூட்டத்தை நடத்தி வருகிறேன். புதிதாக வருபவர்களும், வர நினைத்துத் தயங்குபவர்களும், பிள்ளைகளை அனுப்பலாமா என்று விசாரிக்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை விடைகளுடன் இங்கே எழுதி வைக்கிறேன்.

கதை எழுதும் திறமை பிறவியிலேயே வர வேண்டியது அல்லவா? அதை ஒருவருக்குக் கற்பிக்க முடியுமா?

பெரும்பகுதியைக் கற்பிக்க முடியும். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, "சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்" என்று தொடங்குவதை எல்லாரும் அறிவார்கள். அது எப்படி முடிகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓவியம், மொழி, கல்வி, நடை ஆகியவற்றைப் பழக்கத்தால் வருபவை என்று சொல்லிவிட்டு, நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம் என்று அந்த வெண்பா முடிகிறது. மொழியைப் பழக்கத்தின் பக்கம் வைத்தவர், தயையைப் பிறவியின் பக்கம் வைத்திருக்கிறார். எழுதுபவருக்குப் பிறவியிலேயே வேண்டியது ஒன்று உண்டென்றால், பிறர் படும் பாட்டில் மனம் சென்று தங்குகிற அந்தத் தயைதான் என்று நானும் நினைக்கிறேன். சொல்லைத் தேர்வது, காட்சியை அமைப்பது, எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வது ஆகிய மற்ற அனைத்தும் பழகினால் வருபவை. தயையும்கூடப் பழகினால் வளர்வதைக் கண்டிருக்கிறேன். அந்த ஓரிடத்தில் மட்டும் வெண்பாவோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நாதஸ்வரத்தைப் பற்றி இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராக இருந்து, அவருடன் கூடவே வாசித்துப் பழகியவர். ஆசிரியர் ஒருவரிடம் கற்றதனால் அவருடைய மேதைமை குறைந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. எழுத்துக்கு மட்டும் ஆசிரியர் வேண்டாம் என்று தோன்றுவதற்குக் காரணம், பள்ளிக்குச் சென்ற எல்லாருடைய கையிலும் எழுதுகோல் இருப்பதுதான். நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியை வாயில் வைத்து ஊதிப் பார்த்தவருக்கு, தமக்கு வாசிக்கத் தெரியாது என்பது அந்த நொடியிலேயே விளங்கிவிடும். தாளில் நான்கு வரி எழுதியவருக்கு அப்படி விளங்குவதில்லை.

கி. ராஜநாராயணன் ஏழாம் வகுப்பு வரைதான் படித்தார். அவருக்கு யார் கற்பித்தார்கள்?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. ஆகவே சற்று விரிவாகவே விடை சொல்கிறேன். கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் என்ற சிற்றூரில் 1923ஆம் ஆண்டில் இருவர் பிறந்தார்கள். ஒருவர் கி.ரா., மற்றவர் கு. அழகிரிசாமி. அழகிரிசாமிக்கு 1970இல் அவர் மறைந்த பிறகு 'அன்பளிப்பு' தொகுதிக்காகவும், கி.ரா.வுக்கு 1991இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காகவும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஒரே ஆண்டில் ஒரே கரிசல் கிராமத்தில் பிறந்த இரண்டு பேருக்கும் அப்படி அமைந்ததை மண்ணின் அதிசயம் என்று சொல்லி விட்டுவிடுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் இளமையிலிருந்தே நண்பர்கள். இருவருக்கும் கர்நாடக இசையில் ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. படித்ததையும் கேட்டதையும் ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் இருந்ததில்லை. அழகிரிசாமி ஊரைவிட்டுப் போன பிறகு அந்தப் பேச்சு கடிதங்களாகத் தொடர்ந்தது. அவர் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் தனி நூலாகவே வெளிவந்தன.

ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டுத் திருத்திய அந்த உறவைத்தான் நான் வகுப்பு என்கிறேன். அதற்குக் கரும்பலகையும் வருகைப் பதிவேடும் தேவைப்படவில்லை. கி.ரா.வின் காதுக்குப் பயிற்சி தந்தவர்கள் ஊரில் கதை சொன்ன சம்சாரிகளும் பாட்டிகளும். அந்தப் பயிற்சி எவ்வளவு ஆழமானது என்பதற்கு, அவர் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதியே சான்று. பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. கற்றுக்கொள்ளாமலே எழுதியவர் என்று அவரைக் காட்டுவது, ஒரு நீண்ட உழைப்பை இல்லையென்று சொல்வதாகும்.

கதை எழுதக் கற்பிப்பது வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம்தானே?

பல்கலைக்கழகப் பாடமாக வந்தது வெளிநாட்டில்தான். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் எழுத்தாளர் பட்டறை தொடங்கியது; இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகம் 1970இல் முதுகலைப் படிப்பாகவே தொடங்கியது. எழுதியவர் வாய் திறக்காமல் இருக்க, மற்றவர்கள் அவர் கதையை அலசுவது அயோவா முறை. எங்கள் கூட்டத்திலும் முதல் கால் மணி நேரம் அப்படித்தான் நடக்கிறது.

ஆனால் கற்பிக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. தென்பாண்டிக் கோயில் கொடைத் திருவிழாக்களில் வில்லுப்பாட்டுக் கேட்டவர்கள் இதை அறிவார்கள். குழுவில் சேரும் பையன் முதலில் பின்னால் உட்கார்ந்து ஜால்ராவோ கட்டையோ தட்டுகிறான், வில்லடிக்கும் அண்ணாவி சொல்லும் அடிக்கு "ஆமாம்" போடுகிறான், பின்பாட்டுப் பாடுகிறான். சுடலைமாடன் கதையும் முத்துப்பட்டன் கதையும் பல கொடை இரவுகளில் அவன் காதில் ஊறிய பிறகே வீசுகோல் அவன் கைக்கு வருகிறது. எந்த இடத்தில் கூட்டம் தூங்கிவிழும், எந்த இடத்தில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள் என்பதை அவன் அதற்குள் அறிந்துகொண்டிருப்பான். கதை சொல்லும் கலையை இதைவிட ஒழுங்காகக் கற்பிக்கும் முறை எனக்குத் தெரியாது.

"காரிகை கற்றுக் கவிபாடுவதிலும் பேரிகை கொட்டிப் பிழைப்பது நன்று" என்ற பழமொழியைச் சிலர் இதற்கு எதிராகச் சொல்வார்கள். யாப்பிலக்கணம் மட்டும் கற்றுவிட்டுப் பாட வந்தவர்களைப் பார்த்துச் சலித்தவர் சொன்னது அது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் காரிகையே வேண்டாம் என்று அது சொல்லவில்லை.

அப்படியானால் தமிழ் இலக்கணத்தில் கதை எழுத உதவுவது ஏதாவது உண்டா?

உண்டு, எங்கள் கூட்டத்தில் மாதந்தோறும் கையில் எடுப்பதும் அதைத்தான். நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறார். அவர் மனத்தில் வைத்துச் சொன்னது இலக்கண நூல்களைத்தான். இருந்தாலும் இளைஞர் ஒருவரின் முதல் கதையைப் படித்துவிட்டு அதில் என்ன குறை என்று சொல்லத் தடுமாறும்போது, பெரும்பாலும் அந்தப் பத்தில் ஒன்றில்தான் வந்து நிற்கிறோம். மழையைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருக்கிறார், அந்த மழையில் யாரும் நனையவில்லை என்றால் அது வெற்றெனத் தொடுத்தல். அக்காவின் கல்யாணத்தைச் சொல்லத் தொடங்கி, சமையல்காரரின் முன்கதையில் மூன்று பக்கம் போய்விட்டால் அது மற்றொன்று விரித்தல். கண்ணீர் என்று சொன்ன பிறகும் துயரம், வேதனை என்று அடுக்கினால் மிகைபடக் கூறல். எனக்கு மிகவும் பயன்பட்ட சொல் சென்று தேய்ந்து இறுதல் என்பது. நன்றாகத் தொடங்கிய கதை நடுவில் இளைத்து, முடிவில் விபத்தோ தற்கொலையோ வந்து ஆளைக் கொன்று முடித்துவைக்கும். எங்களுக்கு வரும் கதைகளில் மிகுதியாகக் காணப்படும் குற்றம் அதுவே. குற்றத்துக்குப் பெயர் இருந்தால், எழுதியவர் மனம் புண்படாமல் அதைச் சுட்டிக்காட்ட முடிகிறது.

வகுப்பில் உண்மையில் என்னதான் கற்பிக்கிறீர்கள்?

ஓர் உதாரணம் சொல்கிறேன். மேலப்பாளையம் பக்கத்திலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் வந்தார். அவருடைய தாயார் பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பவர். தாயாரைப் பற்றி அவர் எழுதிவந்த கட்டுரைக்கதை, "என் தாய் எங்களுக்காக இரவும் பகலும் உழைத்துத் தன்னையே உருக்கிக்கொண்ட தியாகச் சுடர்" என்று தொடங்கியது. அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அது யாருடைய தாயையும் பற்றியதாக இருக்கலாம். நான் அவரிடம் திருத்தம் எதுவும் சொல்லாமல், சில கேள்விகள் மட்டும் கேட்டேன். அம்மா எங்கே உட்கார்வார்? சுளகு எந்தக் காலின் மேல் இருக்கும்? இரவில் கரண்ட் போனால் என்ன செய்வார்?

கடைசிக் கேள்விக்கு அவர் சற்று யோசித்துவிட்டு, கரண்ட் போனதும் கத்திரிச் சத்தம் நின்றுவிடும் என்றார். இருட்டில் இலையை நறுக்க முடியாது. ஆனால் நறுக்கிவைத்த இலைகள் சுளகில் இருக்கும்வரை, தூளை வைத்துச் சுருட்டுவதும் நூல் கட்டுவதும் இருட்டிலேயே நடக்கும், எண்ணிக்கையும் தவறாது என்றார். படுத்துக்கொண்டே அந்தச் சத்தமின்மையைக் கேட்டு, அம்மா இன்னும் தூங்கவில்லை என்று தெரிந்துகொள்வாராம். அடுத்த மாதம் அவர் கொண்டுவந்த கதை, கத்திரிச் சத்தம் நின்ற இடத்தில் தொடங்கியது. தியாகம் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் பார்வையைக் கொடுக்கவில்லை. அது அவரிடம் சிறு வயதிலிருந்தே இருந்தது. தம்மிடம் இருப்பதில் எது எழுதத்தக்கது என்பது அவருக்குத் தெரியாமல் இருந்தது. மேடைப் பேச்சிலும் பாடநூல் கட்டுரையிலும் கேட்ட சொற்களே எழுத்துக்கு உரியவை என்றும், வீட்டில் கண்டது எழுத்தில் ஏறும் தகுதி உடையதன்று என்றும் நம் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை அப்படி நினைக்க வைத்ததில் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு என்பதால், இதைத் திருத்துவது என் கடமை என்று கருதுகிறேன்.

தயையும் பழகினால் வளரும் என்றீர்களே, எப்படி?

உங்களுக்குப் பிடிக்காத ஒருவரின் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்ச்சியை எழுதுவது எங்கள் கட்டாயப் பயிற்சிகளில் ஒன்று. அம்பாசமுத்திரம் பக்கத்து இளைஞர் ஒருவர், வயல் பாகப் பிரிவினையில் குடும்பத்தோடு பகையாகிப்போன தம் சித்தப்பாவை எடுத்துக்கொண்டார். முதல் முறை சித்தப்பா வில்லனாக வந்தார். இரண்டாம் முறை வில்லன் கொஞ்சம் நல்லவராகப் பேசினார். இரண்டையும் கூட்டம் ஏற்கவில்லை. மூன்றாம் முறை, சித்தப்பா எப்போதும் செருப்பை வரப்பிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் வயலில் இறங்குவார் என்ற ஒரு விவரம் அதில் வந்தது. அதன் பிறகு அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் மாறியது. நான்கு ஆண்டுகள் பேசாதிருந்த சித்தப்பாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாக அவர் பின்னர் சொன்னார். சமாதானம் ஆயிற்றா என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒருவரைச் சரியாக எழுத வேண்டுமானால் அவரை வெறுப்பதை அந்த நேரத்துக்காவது நிறுத்தியாக வேண்டும் என்பதும், அது திரும்பத் திரும்ப நடந்தால் மனத்தில் தடம் விழும் என்பதும் எனக்கு உறுதியாகத் தெரிகிறது.

எதைக் கற்பிக்க முடியாது?

எழுதியே தீர வேண்டும் என்ற வேகத்தைக் கற்பிக்க முடியாது. பெற்றோரின் ஆசைக்காக வரும் பிள்ளைகள் இரண்டாம் மாதமே நின்றுவிடுகிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை.

திருநெல்வேலிப் பேச்சுவழக்கில் எழுதலாமா? அது கொச்சை ஆகாதா?

எழுதலாம், ஆனால் கேட்டு எழுத வேண்டும். இரண்டு வரிக்கு ஒரு முறை "ஏலே" என்று போட்டுவிட்டால் நெல்லைத் தமிழ் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊரில் யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதே ஒரு தனி இலக்கணம். ஊருக்கு வந்திருக்கும் ஒருவரைப் பெரியவர் பார்த்தால் "எலே, எப்ப வந்த?" என்பார். சம வயதுத் தோழர் "என்னவே, எப்ப வந்தீரு?" என்பார். வயதில் இளையவர் "அண்ணாச்சி, எப்ப வந்திய?" என்று கேட்பார். மூன்றும் ஒரே கேள்விதான். ஆனால் கேட்பவருடைய வயதும் உறவும் உரிமையும் அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடுகின்றன. எப்போதும் "வே" என்று பேசுகிற தோழர் ஒரு நாள் "வாங்க, உட்காருங்க" என்று சொன்னாரானால், அவர்களுக்குள் ஏதோ முறிந்துவிட்டது என்பதை வேறு விளக்கமின்றி வாசகர் அறிந்துகொள்வார். மதினியிடம் பேசும் பேச்சு வேறு, ஆச்சியிடம் பேசும் பேச்சு வேறு. இவற்றை அறிந்து எழுதினால் வட்டார வழக்கு கதையின் எலும்பாகவே ஆகிவிடும்; அறியாமல் எழுதினால் வேடமாகத் தெரியும். பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, காதில் விழுவதை விழுந்தபடியே எழுதிவருவது இதற்கான பயிற்சி.

நிறையப் படித்தால் பிறர் நடை ஒட்டிக்கொள்ளாதா?

ஒட்டிக்கொள்ளும், சில ஆண்டுகளில் உதிர்ந்தும் விடும். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்த புதுமைப்பித்தன் (1906–1948) பிறநாட்டுச் சிறுகதைகள் பலவற்றைத் தமிழில் பெயர்த்தவர். அதனால் அவருடைய நடை அயலாகிவிடவில்லை. அவர் நடையில் திருநெல்வேலியின் கிண்டல் கடைசிவரை இருந்தது. பிடித்த ஆசிரியரின் ஒரு பக்கத்தைக் கையால் அப்படியே எழுதிப் பார்ப்பதையும், ஆங்கிலமோ மலையாளமோ தெரிந்தவர்கள் ஒரு பக்கத்தை மொழிபெயர்த்துப் பார்ப்பதையும் நான் வற்புறுத்துகிறேன். கண்ணால் படிக்கும்போது வழுக்கிக்கொண்டு போகிற வாக்கியம், கையால் எழுதும்போது தன் கட்டுமானத்தைக் காட்டும்.

எழுதியதை யாரிடம் காட்டுவது?

புகழ மட்டுமே செய்பவரிடம் காட்ட வேண்டாம்; குறை மட்டுமே காண்பவரிடமும் வேண்டாம். இந்த வகையில் நெல்லைச் சீமை கொடுத்துவைத்தது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வண்ணார்பேட்டை வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தில், ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதன் சுவை எந்தச் சொல்லில் இருக்கிறது என்று தேடினார்கள். ராஜவல்லிபுரத்து வல்லிக்கண்ணனும், சுடலைமாடன் கோயில் தெருவில் வாழ்ந்த தி.க.சி.யும் முகமறியா இளம் எழுத்தாளர்களுக்கு ஓயாமல் அஞ்சலட்டை எழுதினார்கள். பேராசிரியர் நா. வானமாமலை பாளையங்கோட்டையில் நடத்திய நெல்லை ஆய்வுக் குழுவில் இளைஞர்கள் கட்டுரை வாசித்து, எல்லாருடைய கேள்விக்கும் விடை சொன்னார்கள். அது ஆய்வுக்கான குழு. ஆயினும் எழுதியதை நான்கு பேர் முன் வாசிக்கும் துணிவை அது பலருக்குத் தந்தது.

வாசகர் பெரிய இலக்கியவாதியாக இருக்க வேண்டியதும் இல்லை. என் இருபத்திரண்டாம் வயதில் எழுதிய முதல் கதையை ஓர் இதழ் ஒரு வரிகூடக் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பியது. மனம் நொந்து, எங்கள் தெருவில் மளிகைக்கடைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவரிடம் அதைக் கொடுத்தேன். மறுநாள் தாள்களைத் திருப்பித் தந்தவர், "தம்பி, அந்த ஆச்சி சாகிறதுக்கு முந்தியே நீ அழுதுட்டியே" என்றார். நான் வாங்கிய எழுத்துப் பாடங்களில் அதுவே முதலாவது. இன்றும் வகுப்பில் அதை அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

எனக்கு எழுதும் அளவுக்கு அனுபவம் இல்லையே? வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரமும் இல்லையே?

வண்ணநிலவன் 'ரெயினீஸ் ஐயர் தெரு' நாவலுக்கு ஒரு சிறு தெருவின் சில வீடுகளையே எடுத்துக்கொண்டார். வண்ணதாசன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே கதைகளும், கல்யாண்ஜி என்ற பெயரில் கவிதைகளும் எழுதியவர். 2016இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். நாளுக்கு அரை மணி நேரம், ஒரே இடத்தில், ஒரே வேளையில் உட்கார்ந்தால் போதும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கலாமா?

கூட்டத்துக்குக் கொண்டுவரும் பக்கங்களை அப்படி எழுதி வாங்க வேண்டாம். கத்திரிச் சத்தம் நின்றதை அந்தப் பெண் நினைவில் துழாவி எடுத்த நேரமே பயிற்சி. அந்த நேரத்தை வேறொன்றிடம் கொடுத்துவிட்டால் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

எத்தனை மாதத்தில் எழுத வரும்?

பிழையில்லாத, தெளிவான ஒரு பக்கத்தை எழுத ஓராண்டு போதுமானது. நல்ல கதைக்கு அப்படிக் கணக்குச் சொல்ல முடியாது. எங்களிடம் ஆறு ஆண்டுகளாக வருபவர் ஒருவர் இதுவரை மூன்று கதைகளையே முடித்திருக்கிறார். மூன்றும் எனக்குப் பிடித்தவை.

வயது வரம்பு உண்டா? கட்டணம் எவ்வளவு?

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் யாரும் வரலாம்; மேல் வரம்பு இல்லை. கட்டணமும் இல்லை.

முதல் கூட்டத்துக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

கதை வேண்டாம். உங்கள் வீட்டில் நாள்தோறும் ஒருவர் செய்யும் ஒரு வேலையை, அவர் எப்படிச் செய்கிறாரோ அப்படியே, ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதிக் கொண்டுவாருங்கள். அவரைப் பற்றிய உங்கள் கருத்து அதில் இருக்கக் கூடாது. உரக்க வாசிக்க வேண்டியிருக்கும் என்பதால் தெளிவான கையெழுத்தில் எழுதுங்கள். வலப்பக்கம் மூன்று விரல் அளவு இடம் விடுங்கள், மற்றவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ள அது தேவைப்படும்.